கிளைப்பாதையின் கடைசி ஸ்ரேசன்

இறுப்பிட்டி,
7.11.1971

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். ஐயாவும் அம்மாவும் சுகம். நீங்கள் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க நயினை அம்மனை வேண்டிக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். எழுத்தைப் பார்த்து யாரென்று யோசிக்க வேண்டாம். பாமாதான். இருட்டுக்குள் எழுதுவதால் எழுத்து இப்படிக் கோணல்.

எல்லோரும் படுத்துவிட்டார்கள். குசினிக்குள் குப்பி விளக்கை வைத்து, வெளிச்சம் வெளியே போகாமல் சுளகைச் சாய்த்திருக்கிறேன். ஐயா இருமும்போதெல்லாம் பேனையைத் தூக்கிவிடுகிறேன்.

நீங்கள் எழுதிய கடைசி இரண்டு கடிதங்களுக்கும் ஏன் பதில் வரவில்லை என்று உங்களுக்குத் தெரியவேண்டும். போன ஆனியில் பரமலிங்கம் மாமா லண்டனிலிருந்து திரும்பி வந்தார். முற்றத்தில் வைத்து ஐயாவிடம் சொன்னார்: "உங்கடை பொடியன் யூனிபோம் போட்டுக்கொண்டு ஒரு ஸ்ரேசன் வாசலிலை நிண்டு ரிக்கற் வாங்குறான். என்னைக் கண்டவுடனை தொப்பியைக் கழட்டினவன்." ஐயா உள்ளே வந்து சுவரிலிருந்த உங்கள் படத்தைக் கழற்றினார். உங்கள் கடிதங்களோடு சேர்த்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "கணக்காளராக வரப் போனவன் படலை காக்கிறான். இனி இந்த வீட்டிலை இருந்து அவனுக்கு ஒரு கடிதமும் போகக்கூடாது" என்று சொன்னார். ஆனால் வெளியில் யாரும் கேட்டால், "மகன் லண்டன் றெயில்வேயிலை பெரிய உத்தியோகம்" என்கிறார்.

உங்கள் விலாசம் எனக்கு முன்னமே பாடம். அதனால் தப்பினேன். எனக்குப் பதில் எழுதினால் எங்கள் தையல் ரீச்சர் இராசமணியின் பெயருக்கு எழுதுங்கள். அவ சம்மதித்துவிட்டா. அவவுக்கு நான் என்ன செய்து இந்த நன்றியைத் தீர்ப்பேனோ தெரியாது.

வாற மாதம் எனக்குச் சோதனை. பாஸ் பண்ணினால் யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று விஞ்ஞானம் படிக்க ஆசை. இங்கே அந்த வகுப்பு இல்லை. ஐயா "பாப்பம்" என்கிறார். ஐயாவின் "பாப்பம்" எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் இரவில் இருத்திவைத்துக் கேத்திரகணிதம் சொல்லித் தந்திராவிட்டால் இந்த ஆசையே எனக்கு வந்திராது. அதற்காகவும் நன்றி.

நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள்? உங்கள் சோதனை எப்போது?

உங்கள் தங்கச்சி,
பாமா


லண்டன்,
28.11.1971

என் அன்புத் தங்கச்சி பாமாவுக்கு,

நான் சுகம். உன் கடிதத்தைக் கண்ட பிறகு இன்னும் சுகம். ஐந்து மாதத்துக்குப் பிறகு எனக்கு ஊரிலிருந்து வந்த முதல் எழுத்து அது. கோணல் எழுத்தென்று கவலைப்படாதே. எனக்கு அது முத்துப் போலத்தான் தெரிந்தது.

வேலையைக் கேட்டாய். இங்கே நிலத்துக்குக் கீழே றெயில் ஓடுகிறது. வங்களாவடிச் சந்தியில் நம் றோட்டு எப்படிப் பிரிந்து ஒன்று ஊர்காவற்றுறைக்கும் ஒன்று புங்குடுதீவுக்கும் போகிறதோ, அப்படி இந்தப் பாதையும் ஓரிடத்தில் இரண்டு கிளையாகப் பிரிகிறது. ஒரு கிளையின் கடைசி ஸ்ரேசனில் நான் நிற்கிறேன். அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. ஒரு மண்மேடும், அதன் மேல் ஒரு செந்நிற விளக்கும், அப்புறம் யாரோ முட்டைக்கோவா நட்ட தோட்டங்களும்தான். நிலத்துக்குள் ஓடி வருகிற றெயில் எங்களுக்குக் கிட்ட வரும்போது வெளியே வந்துவிடும். மழைக்காலத்தில் நனைந்துகொண்டு வந்து நிற்பதைப் பார்த்தால் நம்முடைய பஸ்ஸைப் போலவே பாவமாக இருக்கும்.

றெயிலைத் திருப்புவதில்லை. ஓட்டுநர் இறங்கி மேடை நீளத்துக்கு நடந்து மற்றத் தலைப்பில் ஏறுவார். அவ்வளவுதான், பின்பக்கம் முன்பக்கமாகிவிடும். அவர் நடக்கிற நேரத்துக்குள் நான் பெட்டி பெட்டியாக ஏறிப் பார்க்கவேண்டும். கிளை மாறி ஏறினவர்கள் திகைத்துப்போய் இருப்பார்கள். நித்திரையானவர்கள் நித்திரையாகவே இருப்பார்கள். எல்லோரையும் இறக்கிவிட்டு வாசலுக்கு ஓடிப்போய் ரிக்கற் வாங்கவேண்டும். பரமலிங்கம் மாமா கண்டது அதைத்தான். அவர் பொய் சொல்லவில்லை.

சோதனையை வடிவாகச் செய். தெரிந்த கணக்கை முதலில் செய்துவிடு. ரீச்சருக்கு என் வணக்கத்தைச் சொல்லு. அம்மாவின் கால்நோ எப்படி?

அன்பு அண்ணன்,
குலசிங்கம்


இறுப்பிட்டி,
19.12.1971

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவின் கால்நோ மழையோடு வந்தது, மழையோடு போய்விடும் என்கிறா. நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் தினமும் படுக்கிறேன்.

சோதனை முடிந்துவிட்டது. தெரிந்த கணக்கை முதலில் செய்தேன். தெரியாதது ஒன்று மட்டும்தான் மிஞ்சியது.

உங்கள் கடிதத்தை ரீச்சர் தையல் பெட்டிக்குள் வைத்து, "பாமா, உன்ரை பொத்தான் துளை சரியில்லை, வீட்டை கொண்டுபோய்ப் பிரிச்சுத் தை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லித் தந்தா. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "என்ன, தையல் பெட்டியைப் பிள்ளை மாதிரித் தூக்கிக்கொண்டு வாறாய்?" என்று கேட்டா. நான் பெட்டியோடு அறைக்குள் போய்விட்டேன். அம்மா பிறகு கேட்கவில்லை.

றெயிலில் எப்படி நித்திரை வரும்? நம்முடைய பஸ்ஸில் ஏறினால் எலும்பு எண்ணலாம். பஞ்சு மெத்தையா போட்டிருக்கிறார்கள்?

நான் உங்கள் சோதனையைக் கேட்டிருந்தேன். அந்த இடத்தை வாசிக்காமல் விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. நான் நயினை அம்மனுக்கு நேர்ந்திருக்கிறேன், உங்களுக்கும் சேர்த்து.

எண்ணெய் குறைகிறது. நிறுத்துகிறேன்.

உங்கள்,
பாமா


லண்டன்,
20.2.1972

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். நீயும் அம்மாவும் ஐயாவும் சுகமென்று அறிய ஆவல். பதில் சுணங்கியதற்குக் குறை நினைக்காதே. இங்கே நிலக்கரித் தொழிலாளரின் வேலைநிறுத்தம். மின்சாரத்தை முறை வைத்து வெட்டுகிறார்கள். நானும் மெழுகுதிரியில்தான் எழுதுகிறேன். லண்டனில் இருக்கிற நானும் இறுப்பிட்டியில் இருக்கிற நீயும் ஒரே வெளிச்சத்தில் எழுதுகிறோம்.

மெத்தை இருக்கிறது. ஆனால் நித்திரை வருவது மெத்தையால் அல்ல, களைப்பால். அதைப் பற்றி ஒரு கதை சொல்கிறேன், சிரிக்காதே.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பொம்பிளை கடைசிப் பெட்டியில் நித்திரை. நாற்பத்தைந்து வயதிருக்கும். மடியில் பை, தலை கண்ணாடியில் சாய்ந்திருக்கிறது. கூப்பிட்டேன். எழும்பவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். இல்லை. தோளைத் தொட்டு எழுப்பவேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தது. எனக்கு ஏலாமல் போய்விட்டது. யாரோ ஒரு வீட்டுப் பொம்பிளை, தனிய, நித்திரையில். கையை நீட்டினேன், நீட்டினபடி நின்றேன். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். நான் இறங்கிவிட்டேன். அந்தப் பெட்டிகள் அன்றைக்குத் திரும்பிப் போகவில்லை, றெயில் நிறுத்திவைக்கிற பக்கத்துக் கொட்டகைக்குப் போய்விட்டன. அவ இருட்டுக்குள் விழித்துக் கத்தியிருக்கிறா. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலை இல்லை என்றார். ஏன் எழுப்பவில்லை என்று கேட்டதற்கு நான் சொன்ன காரணம் அவருக்கு விளங்கவே இல்லை. மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

அடுத்த நாள் அவவே என்னைத் தேடி வந்தா. ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்கிறவ. ஏசப்போகிறா என்று நினைத்தேன். காரணத்தைக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் பக்கத்துக் கைப்பிடிக் கம்பியில் தட்டு, தம்பி. நான் எழும்புவேன்" என்றா. அன்றிலிருந்து எல்லோருக்கும் கம்பியில்தான் தட்டுகிறேன். மேலதிகாரி பார்த்தும் பாராததுபோல் போகிறார். அந்த அம்மா தந்த புத்தியில்தான் இன்றைக்கும் நான் வேலையில் இருக்கிறேன்.

உன் சோதனை மறுமொழி எப்போது வரும்?

அண்ணன்,
குலசிங்கம்


இறுப்பிட்டி,
26.3.1972

அன்புள்ள அண்ணைக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டுகிறேன்.

சிரிக்க வேண்டாம் என்றீர்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன், ஏனென்று தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள்.

மறுமொழி இன்னும் வரவில்லை. ஆனால் வேறொன்று வந்திருக்கிறது. அம்பலவாணர் என்று ஒருவர் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். மாத்தறையில் கடை வைத்திருக்கிறவர், ஐயாவும் அங்கே கடை நடத்திய காலத்துப் பழக்கம். முதல் நாள் கோப்பி குடித்தார். இரண்டாம் நாள் என் சாதகத்தைக் கொண்டுபோனார். அவருடைய மகனுக்கு முப்பத்தொரு வயது.

ஐயா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சாதகம் பொருந்தாமல் போகவேண்டும் என்று அம்மனிடம் கேட்பது பாவமா?

பாமா


இறுப்பிட்டி,
16.4.1972

மகன் குலசிங்கம் அறிவது,

இறைவன் அருளால் இங்கு யாவரும் நலம். உன் நலமும் அவ்வண்ணமே இருக்க வேண்டும்.

தங்கச்சி சோதனையில் நன்றாகச் சித்தியடைந்திருக்கிறாள். கணிதத்தில் அதிவிசேடம். அவளுக்கு அம்பலவாணரின் மூத்த மகனைப் பேசியிருக்கிறோம். சாதகம் நன்றாகப் பொருந்துகிறது. ஆவணியில் முகூர்த்தம் பார்க்க எண்ணம். பெண்ணின் உடன்பிறந்தவன் தோழனாக நின்று மாப்பிள்ளையின் கால் கழுவிப் பந்தலுக்கு அழைப்பது முறை. ஒன்றுவிட்ட சகோதரன் எவனையும் நிறுத்தலாம் என்று நான் சொன்னேன். லண்டனில் இருக்கிற சொந்தத் தமையன் வந்துதான் நிற்கவேண்டும் என்று அவர்கள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். ஆகவே நீ வரவேண்டும்.

அதற்கு முன் உன் உத்தியோகத்தைப் பற்றி அம்பலவாணருக்கு நல்ல தாளில் ஒரு கடிதம் எழுது. சொல்லவேண்டியதைச் சொல்லி, சொல்லத் தேவையில்லாததை விட்டு எழுத உனக்குப் புத்தி இருக்குமென்று நம்புகிறேன். அவருடைய விலாசம் கீழே.

இப்படிக்கு,
சி. தில்லைநாதன்


இறுப்பிட்டி,
16.4.1972, இரவு

அண்ணை,

சுகம் விசாரிக்காமல் தொடங்குவதற்கு மன்னிக்கவேண்டும். ஐயாவின் கடிதம் என் எழுத்தில் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஐயா கதிரையிலிருந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் கல்யாணத்துக்கு என் கையாலேயே உங்களை அழைத்தேன். "கணிதத்தில் அதிவிசேடம்" என்று சொல்லும்போது ஐயாவின் குரல் கொஞ்சம் மாறியது. அது மட்டும்தான் எனக்குக் கிடைத்தது.

அண்ணை, நான் பெரிய பிழை ஒன்று விட்டுவிட்டேன். ஐயா கையெழுத்து வைத்தபின் நான் வான்கடிதத்தை மடித்து ஒட்டினேன். உங்கள் விலாசம் எடுப்பதற்காக ஐயா திறப்புக்கொத்தோடு அலுமாரிக்குப் போனார். அவர் உங்கள் பழைய கடிதத்தோடு திரும்பி வந்தபோது நான் விலாசத்தை எழுதி முடித்திருந்தேன். யோசிக்கவே இல்லை. கை தன்பாட்டில் எழுதிவிட்டது, ஐந்து மாதமாக எழுதிய பழக்கம்.

ஐயா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வீட்டிலக்கம், தெரு, எல்லாம். பிறகு பழைய கடிதத்தைக் கொண்டுபோய் வைத்துப் பூட்டினார். "மை காயட்டும்" என்றார். அவ்வளவுதான். தானே கொண்டுபோய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தார்.

அடித்திருந்தால் பயம் போயிருக்கும். இப்போது ஒவ்வொரு இருமலுக்கும் எனக்கு உயிர் போய் வருகிறது. இதுதான் கடைசிக் கடிதமோ தெரியாது.

எனக்குக் கல்யாணம் வேண்டாம், அண்ணை. எனக்குப் படிக்கவேண்டும். மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, நான் அவரைக் கண்டதே இல்லை. நீங்கள் வந்து நின்றால் எல்லாம் முடிந்துவிடும். நீங்கள் வரவில்லையென்றால் என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியாது. உங்களை என்ன செய்யச் சொல்லிக் கேட்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. ஏதாவது செய்யுங்கள்.

பாமா


இறுப்பிட்டி,
21.5.1972

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். உங்களிடமிருந்து எழுத்து இல்லாததால் நீங்கள் சுகமா என்று தெரியாமல் இருக்கிறேன். ரீச்சர் தையல் பெட்டியைத் தரும்போதெல்லாம் தலையை மெல்ல ஆட்டுகிறா, இல்லை என்று.

என்மேல் கோபமா? ஐயாவுக்குப் பயந்து ஒதுங்கிவிட்டீர்களா? அப்படியென்றாலும் நான் குறை சொல்லமாட்டேன். நீங்கள் எழுதிய கடிதங்கள் எனக்குப் போதும். அந்த மண்மேட்டையும் செந்நிற விளக்கையும் நான் கண்ணை மூடினாலே காண்கிறேன். அது என்னிடமிருந்து ஒருவரும் எடுக்க ஏலாதது. அதற்கு நன்றி.

ஒரு புதினம். நேற்று இரவு நான் குசினிக்கு வந்தபோது குப்பி விளக்கு அதனிடத்தில் இல்லை. ஐயா தோட்டத்துக்குக் கொண்டுபோகிற அரிக்கன் லாம்பு அங்கே இருந்தது. எண்ணெய் நிறைய. கண்ணாடி துடைத்து, திரி வெட்டி. வைத்தது அம்மாவா ஐயாவா தெரியாது. கேட்கப் பயம். நேற்று எழுதாமலே போய்ப் படுத்துவிட்டேன். இன்றைக்கும் லாம்பு அங்கேயே இருக்கிறது. அதன் வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன். சுளகு வைத்து மறைக்க ஏலாத வெளிச்சம்.

பாமா


லண்டன்,
18.5.1972

மதிப்புக்குரிய பெரியவர் அம்பலவாணர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் குடும்பத்தாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். என் உத்தியோகத்தைப் பற்றித் தங்களுக்கு எழுதும்படி ஐயா கேட்டிருந்தார். பல தாள் எழுதிக் கிழித்தேன். அதனால் சுணங்கிவிட்டது.

கணக்காளர் படிப்புக்காக ஐயா என்னை அனுப்பினார். நான் சோதனையில் இரண்டு தரம் தோற்றேன். மூன்றாம் தரம் எழுதவில்லை. இதை நான் வீட்டில் ஒருவருக்கும் சொன்னதில்லை, தங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

நிலத்துக்குக் கீழே ஓடும் றெயிலின் ஒரு கிளைப்பாதையில், கடைசி ஸ்ரேசனில் நான் வேலை செய்கிறேன். வாசலில் நின்று ரிக்கற் வாங்குவேன். மேடை கூட்டுவேன். வந்து நிற்கிற றெயிலுக்குள் ஏறி நித்திரை கொள்கிறவர்களை எழுப்பி இறக்கிவிடுவேன். பிற பெண்களைத் தொட்டு எழுப்ப எனக்கு மனம் வராததால் ஒரு முறை ஒரு தவறு நடந்தது. வேலை போகுமளவுக்கு ஏச்சு வாங்கினேன். பிறகும் தொடுவதில்லை, கம்பியில் தட்டித்தான் எழுப்புகிறேன். அதிகாரி என்று சொல்லக்கூடிய உத்தியோகம் எனக்கு இல்லை. தங்கள் பிள்ளைகள் எவரையும் இங்கே எடுப்பிக்கும் வசதியும் இல்லை.

என் தங்கச்சி என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் படிக்க விரும்புகிறாள். தோழனாக நிற்கவேண்டியவன் நான். அவள் படிப்பை முடிக்கும்வரை எந்தப் பந்தலிலும் நின்று எவருடைய காலையும் கழுவ எனக்குச் சம்மதமில்லை. இதைத் தங்கள் மகனுக்கு இழைக்கும் அவமானமாக எண்ணவேண்டாம். அவருக்கு நல்லது நடக்கவேண்டும்.

தங்கள் பணிவுள்ள,
தி. குலசிங்கம்


இறுப்பிட்டி,
4.6.1972

என் அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். ஐயாவும் சுகம். நீங்கள் சுகமாக இருக்கவேண்டும், நூறு வயதுக்கு.

நீங்கள் எழுதாமல் இருக்கவில்லை என்று வியாழக்கிழமை தெரிந்தது. பின்னேரம் அம்பலவாணர் வந்தார். அம்மா கொண்டுபோன கோப்பியைத் தொடவில்லை. நான் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"தில்லைநாதர், உம்மடை மகன் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார்."

"வாசியுங்கோ."

"இது நாலுபேர் கேட்க வாசிக்கிற கடிதமில்லை."

"இஞ்சை நாலுபேர் இல்லை. நானும் அவவும்தான். கதவுக்குப் பின்னாலை ஒண்டு நிக்குது, அதையும் சேத்தால் மூண்டு. வாசியுங்கோ."

அவர் வாசித்தார். நீங்கள் இரண்டு தரம் தோற்ற இடத்தில் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. நான் உங்களிடம் எத்தனை தரம் "சோதனை எப்போது" என்று கேட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள், அண்ணை. ஐயா முகட்டைப் பார்த்தபடி இருந்தார்.

வாசித்து முடித்ததும் அம்பலவாணர் கடிதத்தை மடியில் வைத்தார். "லண்டன் றெயில்வேயிலை பெரிய உத்தியோகம் எண்டீர். நித்திரை கொள்ளுறவையைத் தொட்டு எழுப்புறதுதான் அந்தப் பெரிய உத்தியோகமோ?"

ஐயா சொன்னார்: "தொட்டு எழுப்பேல்லை எண்டெல்லோ எழுதியிருக்கிறான்."

"என்ன?"

"அந்த இடத்தைத் திருப்பி ஒருக்கால் வாசியுங்கோ."

அம்பலவாணருக்கு வாசிக்க விருப்பமில்லை. ஐயா கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினார். கண்ணாடி போட்டுக்கொண்டு தானே வாசித்தார், மெல்ல, பலமாக. பிற பெண்களைத் தொட மனம் வராமல் ஏச்சு வாங்கிய இடம். பிறகும் தொடுவதில்லை என்ற இடம்.

"இவனுக்கு இருவத்தஞ்சு வயது," என்றார். "அங்கை ஆர் பாக்கப்போகினம்? நானும் பாக்கேல்லை, நீரும் பாக்கேல்லை. வேலை போனாலும் போகட்டும் எண்டு கையை இழுத்திருக்கிறான். அது இந்த வீட்டிலை படிச்சது."

"கணக்குத்தான் படிக்கேல்லையாக்கும்."

"அது லண்டனிலை படிப்பிச்சது. அதுக்கு நான் பொறுப்பில்லை."

அம்மா திரும்பிச் சுவரைப் பார்த்தா. சிரிப்பை மறைத்தாவா அழுகையை மறைத்தாவா தெரியாது.

அம்பலவாணர் எழும்பினார். "அப்ப நீர் என்னட்டைப் பொய்தானே சொன்னனீர்?"

"ஓம், சொன்னனான். அது என்ரை பிழை. அவன் சொல்லேல்லை."

"இந்தச் சம்பந்தம் இனி என்ன மாதிரி?"

"தோழன் வரமாட்டன் எண்டு எழுதிப்போட்டான். கால் கழுவ ஆள் இல்லாமல் பந்தல் போட ஏலாது. உங்கடை பொடியனுக்கு வேறை இடம் பாருங்கோ. குறை நினைக்கவேண்டாம்."

அவர் போனபிறகு ஐயா அந்தக் கோப்பியை எடுத்துத் தானே குடித்தார். ஆறிப்போயிருந்தது. பிறகு கதவைப் பார்த்துச் சொன்னார்: "பாமா, விடுதிக்கு என்னென்ன கொண்டுபோகவேணுமெண்டு இராசமணி ரீச்சரிட்டைக் கேட்டுக்கொண்டு வா. அவவுக்குத்தானே உன்ரை எல்லாப் புதினமும் தெரியும்."

நான் உடனே ரீச்சர் வீட்டுக்கு ஓடினேன்.

அண்ணை, ஊர் முழுக்க இப்போது உங்கள் வேலை தெரியும். அம்பலவாணர் குறிகட்டுவான் துறை வரைக்கும் சொல்லிக்கொண்டு போனாராம். உங்கள் பேரைக் கொடுத்து என் படிப்பை வாங்கித் தந்திருக்கிறீர்கள். நன்றி என்ற சொல் இதற்குச் சின்னது. ஆனால் என்னிடம் இருப்பது அதுதான்.

பாமா


லண்டன்,
18.6.1972

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். உன் கடிதத்தை வாசலில் ரிக்கற் வாங்கும் கூண்டுக்குள் நின்று வாசித்தேன். ஒரு றெயில் வந்து நின்றதையே நான் கவனிக்கவில்லை. சனம் தாங்களாகவே ரிக்கற்றை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

உண்மையைச் சொல்லு. ஐயா உண்மையாகவே அப்படிச் சொன்னாரா? எனக்கு ஆறுதலுக்காக நீ ஏதும் சேர்த்து எழுதவில்லையே? கடிதத்தைக் கையில் வாங்கித் தானே வாசித்தாரா? அவர் என் எழுத்தைத் தொட்டிருக்கமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். சேர்த்து எழுதியிருந்தாலும் கோபிக்கமாட்டேன். ஆனால் சொல்லு.

ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும். இங்கே எனக்கு அது கேட்காது. உங்களுக்குத்தான் கேட்கும், அதுதான் கவலை. நீ படி. நீ எழுதாவிட்டால் நான் இன்னும் பொய்க்குள்தான் இருந்திருப்பேன். நன்றி சொல்லவேண்டியவன் நான்.

அம்மாவுக்கு என் அன்பு. ஐயாவுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

அண்ணன்,
குலசிங்கம்


இறுப்பிட்டி,
9.7.1972

அன்புள்ள அண்ணைக்கு,

எல்லோரும் சுகம். அம்மா இன்றைக்கு நல்லெண்ணெய் தேய்த்து என்னைத் தலைமுழுக வைத்தா. நீங்களும் சுகமாக இருக்கவேண்டும்.

ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. சேர்க்க எனக்குத் தைரியமும் இல்லை. ஐயாதான் வாசித்தார், தன் வாயால். உங்கள் படம் இன்னும் சுவருக்கு வரவில்லை, அதையும் மறைக்கமாட்டேன். ஆனால் அலுமாரித் திறப்பு இப்போது அலுமாரிப் பூட்டிலேயே தொங்குகிறது.

நாளைக்கு ஐயா என்னை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். பெட்டி கட்டியாயிற்று. ரீச்சர் இரண்டு சட்டை தைத்துத் தந்தா, கூலி சொல்லவே இல்லை. பயமாகத்தான் இருக்கிறது. விடுதியில் யாரையும் தெரியாது, பௌதிகம் இங்கிலீசில் சொல்லுவார்களோ என்றும் தெரியாது. ஆனால் இது வேறு விதமான பயம். இது சாப்பிடவிடுகிறது.

இதைப் பகலில் எழுதுகிறேன். ஐயாவின் மேசையில். ஐயா கதிரையில் பேப்பர் வாசிக்கிறார், ஆனால் வெகுநேரமாக அதே பக்கத்தில்தான் நிற்கிறார். இப்போது கேட்கிறார், "முடிஞ்சுதோ?" ஓம் என்றேன். "கீழை கொஞ்ச இடம் விடு" என்கிறார். எவ்வளவு என்று கேட்டேன். "ரெண்டு மூண்டு வரிக்கு. உன்ரை பேனையையும் தா."

அதனால் நிறுத்துகிறேன். விடுதி விலாசத்தை அங்கே போய் எழுதுவேன்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
பாமா


குலசிங்கம்,

சுகம். தங்கச்சி நாளைக்கு விடுதிக்குப் போகிறாள். குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு நில்.

இனி விடுதிக்குப் போய்வருகிறபோதெல்லாம் பஸ்ஸுக்குள் நாலுபேர் கேட்பார்கள், மகன் எங்கே வேலை என்று. நீ ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. அந்தக் கடைசி ஸ்ரேசனுக்குப் பெயர் என்ன? தமிழில் எழுது. நான் பிழையில்லாமல் சொல்லவேண்டும்.

ஐயா